ஒற்றைக்கம்பி, இரட்டைக்கம்பி: ஓர் இணைப்பின் வரலாறு

புதுக்கோட்டைக்கு இசை வரலாற்றில் இரண்டு அடையாளங்கள் உண்டு. முதலாவது குடுமியான்மலைப் பாறை. குடைவரைக்கு அருகே பல்லவ கிரந்த எழுத்தில் சுரங்களை வரிசை வரிசையாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள். காலம் ஏழாம் நூற்றாண்டு என்பர் பலர். எட்டு என்பாரும் உளர். இரண்டாவது அடையாளத்தைப் பார்க்க முடியாது, கேட்க மட்டுமே முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மான்பூண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குரிய வாத்தியமாக ஆக்கினார். அவருடைய மாணாக்கர் தட்சிணாமூர்த்தி பிள்ளை 1936இல் மறைந்தார். அந்த வழியில் வந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை 1962இல் மறைந்தார். மிருதங்க உலகில் ‘புதுக்கோட்டை வழி’ என்று இன்றும் குறிக்கப்படுவது இந்த மரபுதான்.

கல்லில் உள்ளதைக் காக்கத் தொல்லியல் துறை இருக்கிறது. தோலில் பிறந்து காற்றில் கரைந்த நாதத்தில் எஞ்சியிருப்பதோ இசைத்தட்டுகளிலும் ஒலிநாடாக்களிலும் மட்டுமே. அவற்றை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் தனி மனிதர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், செட்டிநாட்டு வீடுகள் விலைபோனபோது பெட்டிகளை மட்டும் வாங்கி வந்தவர்கள் எனப் பலதிறத்தார். அவர்கள் வீட்டில் இசைத்தட்டுச் சுழலியோடு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் இருக்கும்.

இப்பழைய கருவிகளில் முதலில் உயிரைவிடுவது, ஒலிபெருக்கியை இயக்கும் பெரிய பகுதிதான். வெளியீட்டு வால்வுகள் தேய்ந்துபோகும், டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகும். அதன்முன் நின்று, இசைத்தட்டு ஊசியின் மெல்லிய சைகையை வாங்கிச் சீராக்கித் தரும் சிறிய பகுதி மட்டும் நலமாக இருக்கும். கடைத்தெருவில் இவ்விரண்டையும் ப்ரீ ஆம்ப், பவர் ஆம்ப் என்பார்கள். இக்கட்டுரையில் முன்பெருக்கி, திறன்பெருக்கி என்று எழுதுகிறேன். திறன்பெருக்கி போய்விட்டதென்று புதிதாக ஒன்று வாங்கப்போனால், இன்று கிடைக்கும் நல்லவற்றுள் பல ‘பேலன்ஸ்டு’ உள்ளீடு கொண்டவை. மூன்று ஊசிகளுள்ள வட்டமான செருகியை எதிர்பார்ப்பவை. பழைய முன்பெருக்கியிலோ நடுவில் ஓர் ஊசியும் சுற்றிலும் ஓர் உலோக வளையமும் கொண்ட ஆர்.சி.ஏ. வகை வெளியீடு, அல்லது அதைவிடப் பழைய ஏதோ ஒன்று. இரண்டும் சேராது, பழையதைப் போட்டுவிடுங்கள் என்பதே கடைகளில் எளிதாகக் கிடைக்கும் அறிவுரை. முன்பெருக்கி எடைக்குப் போகிறது.

அந்த அறிவுரை தவறு என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். தவறு என்பதற்கான சான்று மின்னணுவியல் பாடநூலில் இருப்பதைவிடத் தந்தியின் வரலாற்றில் தெளிவாக இருக்கிறது. சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

*

மின்சாரம் போனால் திரும்பி வரவேண்டும். போக ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி என இரண்டு வேண்டும். 1838இல் ஜெர்மானியரான ஸ்டைன்ஹைல், திரும்பும் கம்பிக்கு மண்ணே போதும் என்று கண்டார். அடுத்த ஆண்டு, 1839இல், கல்கத்தாவில் ஓஷானசி என்ற மருத்துவர் தந்திச் சோதனை செய்தபோது ஹூக்ளி ஆற்று நீரையே திரும்பும் பாதையாகப் பயன்படுத்திப் பார்த்தார். பாதிக் கம்பி மிச்சம். கண்டம் அளாவிய தேசத்தில் பாதிக் கம்பி என்பது பெரும் பணம். 1851இல் கல்கத்தாவிலிருந்து டைமண்ட் ஹார்பருக்கு முதல் தந்தி வழி அமைந்தது. 1855இல் பொதுமக்களுக்குத் தந்தி திறந்துவிடப்பட்டபோது கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகியவை இணைந்திருந்தன. தந்தி உலகெங்கும் பரவியது பெரும்பாலும் இந்த ஒற்றைக்கம்பியின் மீதுதான்.

தந்திக்கு அது போதும். கட்டுக்கட என்ற ஒலி இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே அங்கே கேள்வி. கம்பியில் சிறிது இரைச்சல் ஏறினாலும் எழுத்து மாறாது. தொலைபேசி வந்ததும் நிலைமை தலைகீழானது. மனிதக் குரலைச் சுமந்த ஒற்றைக்கம்பி, பக்கத்துக் கம்பியின் பேச்சையும் தந்தியின் தட்டலையும் சேர்த்தே சுமந்தது. 1888க்குப் பின் அமெரிக்க நகரங்களில் மின்சார டிராம்கள் பெருகின. அவையும் தண்டவாளத்தையும் மண்ணையும் திரும்பும் பாதையாக வைத்திருந்தன. டிராம் நகரும்போதெல்லாம் தொலைபேசியில் உறுமல். மண் எல்லாருக்கும் பொது. பொதுவில் ஓடுவது எல்லார் வீட்டுக்கும் வரும்.

விடை அதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. 1881 ஜூலையில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு காப்புரிமை பெற்றார். மண்ணை விட்டுவிடு, போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடு. இவ்வளவுதான் அதன் சாரம். சென்னையில் தொலைபேசி நிலையம் வந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில், 1881-82இல்.

முறுக்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தராசை எண்ணிக்கொள்ளலாம். நாம் அறிய விரும்புவது இரண்டு தட்டுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை. காற்றில் வரும் தூசி இரண்டு தட்டிலும் ஒரே அளவு படிந்தால் முள் அசையாது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக ஏறினால், வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் கருவிக்கு அது தெரியாது. ‘பேலன்ஸ்டு’ என்பதன் பொருள் இதுவே. சமநிலை இணைப்பு என்று தமிழில் சொல்லலாம். மற்றதை, ஒரு முனையில் மட்டும் சைகையும் மறுமுனையில் பொதுவான எர்த்தும் இருப்பதால், ஒற்றைமுனை இணைப்பு எனலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. விற்பனைத் தாள்கள் இதை மறைத்துவிடுகின்றன என்பதால் அழுத்திச் சொல்கிறேன். சமநிலை இணைப்பில் இரண்டு கம்பிகளிலும் ஒன்றுக்கொன்று எதிரான சைகை ஓடியாக வேண்டும் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி ஓடினால் நல்லது. ஆனால் சமநிலை அதனால் வருவதில்லை. எர்த்தை நோக்கிய மின்தடை இரு கம்பிக்கும் சமமாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. தராசின் நேர்மை தட்டுகளைச் சார்ந்தது. சரக்கை எந்தத் தட்டில் வைத்தோம் என்பதைச் சார்ந்ததன்று. ஒரு தட்டில் மட்டும் சரக்கு வைத்து மறுதட்டைக் காலியாக விட்டாலும் தராசு எடை காட்டும், தூசியையும் புறக்கணிக்கும். பழைய முன்பெருக்கியைப் புதிய திறன்பெருக்கியோடு சேர்க்க முடியும் என்பதற்கான அடிப்படை இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

*

இருபதாம் நூற்றாண்டில் இரட்டைக்கம்பி நிறுவனங்களின் உடைமையாகவும் ஒற்றைக்கம்பி வீடுகளின் உடைமையாகவும் பிரிந்தன. தொலைபேசித் துறையிடமிருந்து இரட்டைக்கம்பியை வானொலி பெற்றுக்கொண்டது. சென்னையில் 1924இல் கிருஷ்ணசாமி செட்டி முதலானோர் முயற்சியில் தனியார் வானொலிக் கழகம் தொடங்கியது. 1927இல் பணமின்றி நின்றது. 1930இல் மாநகராட்சி அதை ஏற்று நடத்தியது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது. 1939 மே 16இல் திருச்சிக்கு. அப்போது தனிச் சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டைக்கு வானொலி என்றால் திருச்சிதான். 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானபோது, காதுக்கு அது ஒன்பது ஆண்டுப் பழைய செய்தி. நிலையத்தின் உள்ளே ஒலிவாங்கியிலிருந்து புறப்படும் கம்பி இரட்டை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒலிபரப்பிக்குப் போகும் நெடுங்கம்பியும் இரட்டை. ஒவ்வொரு முனையிலும் ஒரு டிரான்ஸ்பார்மர் நின்று, இரண்டு கம்பிகளையும் எர்த்திலிருந்து விலக்கி வைத்தது.

ஒலிபெருக்கிக்கு வேறொரு கதை. 1915இல் கலிபோர்னியாவில் ஜென்சனும் பிரிதமும் தம் கருவிக்கு மேக்னவாக்ஸ் என்று பெயரிட்டார்கள். 1919இல் சான் டியேகோவில் அதிபர் வில்சன் அதன்வழிப் பெருங்கூட்டத்தில் பேசினார். இந்தியாவில் காந்தி பேசிய மேடைகளின் படங்களை உற்றுப் பார்த்தால் ஒலிவாங்கியில் ‘சிகாகோ ரேடியோ’ என்ற பெயர் தெரியும். நானிக் மோட்வானேயின் நிறுவனம். பின்னர் 1940இல் தொடங்கிய அகுஜா, நம் ஊர்களின் மைக்செட் கடைகளில் ஏறக்குறைய பொதுப்பெயராகவே ஆயிற்று.

மைக்செட்காரர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் நகைச்சுவையாகவே இருக்கின்றன. அவர்களுடைய தொழிலறிவு எழுதப்படவில்லை. ஜல்லிக்கட்டு வாடிவாசலிலிருந்து ஊர் எல்லை வரை கம்பி இழுத்துக் கூம்புகளைக் கட்டும்போது, ஆம்ப்ளிஃபயரிலிருந்து 100 வோல்ட் வரி எடுத்து, ஒவ்வொரு கூம்புக்கும் ஒரு ‘லைன் மேட்சிங் டிரான்ஸ்பார்மர்’ போடுவார்கள். வோல்ட்டை உயர்த்தினால் மின்னோட்டம் குறையும். நெடுங்கம்பியில் இழப்பும் குறையும். மின்வாரியம் உயரழுத்தக் கம்பியில் செய்வதை அவர்கள் தென்னைமரங்களுக்கிடையே செய்தார்கள். ‘மேட்சிங்’ என்ற சொல்லை நம் ஊர்களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்களும் துணிக்கடைக்காரர்களும்தான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும், கூம்புகளுக்கு எதிரான நீதிமன்ற ஆணைகளும் வந்தபின் அத்தொழிலின் தன்மையே மாறிவிட்டது. அது தனியாக எழுதப்பட வேண்டியது.

வீட்டுக்கு வருவோம். அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1930களில் இசைத்தட்டுச் சுழலியை வானொலிப் பெட்டியோடு இணைக்க மலிவான ஒரு செருகியை உண்டாக்கியது. கம்பியின் நீளம் ஒரு முழம், இரண்டு முழம். அந்தத் தொலைவுக்கு ஒற்றைமுனை போதும். சமநிலை இணைப்புக்கு அன்று டிரான்ஸ்பார்மர் வேண்டும். நல்ல டிரான்ஸ்பார்மர் விலை அதிகம். வீட்டு ஒலிக்கருவிகள் ஒற்றைமுனையைத் தேர்ந்தது ரசனைக் குறைவால் அன்று; சிக்கனத்தால்.

அந்தச் சிக்கனத்துக்குள் மாபெரும் கருவிகள் பிறந்தன. 1947 ஏப்ரலில் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் வில்லியம்சன் வெளியிட்ட ஆம்ப்ளிஃபயர் வரைபடம் உலகெங்கும் கைப்பட ஆக்கப்பட்டது. 1953இல் வந்த குவாட் 2 இன்றும் தேடி வாங்கப்படுகிறது. இவற்றின் உள்ளே பார்த்தால் வேடிக்கை ஒன்று உண்டு. நுழைவாயில் ஒற்றைமுனை, ஆனால் முதல் கட்டங்களிலேயே சைகை இரண்டாகப் பிரிந்து, ஒன்று தள்ள ஒன்று இழுக்க இரு வெளியீட்டு வால்வுகள் வேலை செய்கின்றன. அதாவது சமநிலை என்ற கருத்து பழைய கருவிக்கு அந்நியமே அன்று. வாசலில் இல்லை, நடுவீட்டில் இருக்கிறது.

மூன்று ஊசிச் செருகியின் கதையும் சுருக்கமானதே. லாஸ் ஏஞ்சலிஸில் ஜேம்ஸ் கேனன் 1915இல் தொடங்கிய நிறுவனத்தின் எக்ஸ் வரிசைச் செருகியில் பூட்டும் ரப்பரும் சேர்ந்து எக்ஸ்.எல்.ஆர். ஆனது. 1 எண் ஊசி உறைக்கு. மற்ற இரண்டில் எது நேர்முனை, எது எதிர்முனை என்பதில் பல்லாண்டுக் குழப்பம். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறியது. ஒலிப்பொறியியல் கழகம் 1992இல் வெளியிட்ட தரநிலையில்தான் 2 எண் ஊசி நேர்முனை என்று முடிவாயிற்று. ஒலிப்பதிவுக்கூடங்களுக்கு உரிய இந்தச் செருகி உயர்விலை வீட்டுக் கருவிகளிலும் ஏறியபின், அது அந்தஸ்தின் அடையாளமாகவும் ஆனது. ஒரு முழக் கம்பிக்குச் சமநிலை இணைப்பு இருந்தால் இசை இனிக்கும் என்பது வணிகரின் கூற்று. தந்தியும் டிராமும் உள்ள நகரத்தில் பல மைல் நடந்து வந்த தீர்வை, அலமாரியின் ஒரு தட்டிலிருந்து மறுதட்டுக்குப் போவதற்கு விற்கிறார்கள்.

*

ஆனாலும் திறன்பெருக்கி அந்த உள்ளீட்டோடுதான் வந்திருக்கிறது. எப்படிச் சேர்ப்பது?

முதலில் பழைய முன்பெருக்கியை ஏன் காக்க வேண்டும் என்பதற்குப் பழம்பற்று அல்லாத ஒரு காரணம். இசைத்தட்டில் கீழொலிகளைக் குறைத்தும் மேலொலிகளைக் கூட்டியும் பதிவார்கள். கேட்கும்போது முன்பெருக்கி அதை நேர்செய்யும். எவ்வளவு குறைப்பது, கூட்டுவது என்பதற்கு அமெரிக்க ஒலிப்பதிவுச் சங்கத்தின் பொது அளவு 1954இல்தான் வந்தது. அதற்கு முந்திய தட்டுகள், குறிப்பாக 78 சுற்றுத் தட்டுகள், வேறு வேறு அளவுகளில் பதியப்பட்டவை. குவாட் நிறுவனத்தின் க்யூ.சி. 2 போன்ற 1950களின் முன்பெருக்கிகளில் இந்த அளவுகளை மாற்றிக்கொள்ளப் பொத்தான்கள் இருந்தன. இன்றைய முன்பெருக்கிகளில் பெரும்பாலானவை பொது அளவை மட்டுமே அறியும். பழைய தட்டைப் பழைய முன்பெருக்கியே சரியாக வாசிக்கும். (அந்தக் குவாட் முன்பெருக்கிக்கு மின்சாரமே அதன் இணையான திறன்பெருக்கியிலிருந்துதான் வருகிறது என்பது தனிச் சிக்கல். பிரித்தால் அதற்கென வேறு மின்வழங்கி கட்ட வேண்டும்.)

பொருத்தத்தில் எல்லாரும் அஞ்சுவது செருகியின் வடிவத்துக்கு. உண்மையில் அஞ்ச வேண்டியது உள்ளீட்டு மின்தடைக்கு. வால்வுக் காலத்து முன்பெருக்கி, தனக்குப் பின் நிற்பது 1 லட்சம் ஓமுக்குக் குறையாத சுமை என்று எதிர்பார்த்துக் கட்டப்பட்டது. இன்றைய சமநிலை உள்ளீடுகள் பலவும் 10,000 அல்லது 20,000 ஓம். பத்துப்பேர் தூக்கும் சுமையை ஒருவர் தலையில் வைப்பது போல.

இதன் விளைவு முன்பெருக்கியின் கட்டமைப்பைப் பொறுத்து இரு வகைப்படும். இ.சி.சி. 83 வால்வின் ஆனோடிலிருந்து நேராக வெளியீடு எடுத்திருந்தால் அதன் உள்மின்தடை 40,000 ஓம் அளவில் இருக்கும். 10,000 ஓம் உள்ளீட்டில் சைகை ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஒலி குறைந்திருப்பது உடனே தெரியும். ஏதோ கோளாறு என்று புரிந்துவிடும். கேத்தோடிலிருந்து வெளியீடு எடுத்த முன்பெருக்கி இன்னும் தந்திரமானது. அதன் உள்மின்தடை சில நூறு ஓம்தான்; ஒலி குறையாது; எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் வெளியீட்டு முனையில் நேர்மின்னழுத்தத்தைத் தடுக்க ஒரு மின்தேக்கி உண்டு. பழைய கருவிகளில் 0.1 மைக்ரோஃபாரட் என்பது மிகச் சாதாரணம். 1 லட்சம் ஓம் சுமையில் அது 16 ஹெர்ட்ஸ் வரை கீழொலியை விடும். மனிதக் காதின் எல்லைக்கும் கீழே. 10,000 ஓம் சுமையில் அந்த எல்லை ஏறத்தாழ 150 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடுகிறது.

150 என்ற எண்ணுக்கு இசையில் என்ன பொருள்? ஒரு கட்டைச் சுருதியில் பாடுபவரின் ஆதார சட்ஜம் 131 ஹெர்ட்ஸ். அதன் கீழ்ப்பஞ்சமம் 98. அந்தப் பஞ்சமம் இந்த இணைப்பில் பாதியளவே வெளிவரும். அதற்கும் கீழே உள்ளவை இன்னும் தேயும். மிருதங்கத்தின் வலந்தலையும் கஞ்சிராவின் சுள்ளென்ற அடியும் நன்றாகவே கேட்கும். தொப்பி மட்டும் காணாமல் போகும். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் வாசிப்பில் ரசிகர்கள் எதைக் கொண்டாடினார்களோ, தொப்பியில் உருளும் அந்தக் கும்கி, அதுதான் போகும். கேட்பவர் என்ன நினைப்பார்? பழைய பதிவு, கீழொலி இருக்காது என்று நினைப்பார். பதிவின் மேல் பழி போய்விடும். புதுக்கோட்டை வழியின் மிகச் சிறந்த கூறு, ஒரு மின்தேக்கியின் அளவால் வரலாற்றிலிருந்து நீங்கிவிடும். எனக்கு இதுதான் இந்த முழு விவகாரத்தின் மையம்.

மருந்து எளியது. அந்த மின்தேக்கியை 1 அல்லது 2 மைக்ரோஃபாரட் அளவுள்ள, 400 வோல்ட்டுக்குக் குறையாமல் தாங்கும் ஃபிலிம் வகையாக மாற்றினால் கீழொலி திரும்பிவிடும். ஆனோடு வெளியீடாக இருந்தால் அது போதாது; இடையில் ஒரு தாங்கிச்சுற்று, ஆங்கிலத்தில் பஃபர் என்பார்களே அது, வேண்டும். வால்வுக் கருவியின் உள்ளே 300 வோல்ட் இருக்கும். அணைத்த பின்னும் மின்தேக்கிகளில் தங்கியிருக்கும். தெரிந்தவர் கையால் செய்ய வேண்டிய வேலை.

அடுத்து கம்பி. பலரும் செய்வது, ஒற்றைக்கருக் கம்பியை எடுத்து, நடுக்கருவை 2 எண் ஊசியிலும் உறையை 1 எண்ணிலும் இணைத்து, 3 எண் ஊசியை 1 எண்ணோடு அங்கேயே கோத்துவிடுவது. வேலை செய்யும். ஆனால் திறன்பெருக்கியின் வாசலிலேயே தராசின் ஒரு தட்டைக் கட்டிப்போட்டுவிடுகிறோம். 3 எண்ணை எதிலும் சேர்க்காமல் அந்தரத்தில் விடுவது அதைவிட மோசம். சரியான முறை: உறையோடு கூடிய இரட்டைக்கருக் கம்பி வாங்குங்கள். ஒரு கரு, ஆர்.சி.ஏ. செருகியின் நடு ஊசியிலிருந்து 2 எண்ணுக்கு. மற்றக் கரு, ஆர்.சி.ஏ. வளையத்திலிருந்து 3 எண்ணுக்கு. உறை ஒரு முனையில் 1 எண்ணுக்கும் மறுமுனையில் அதே வளையத்துக்கும். இப்போது 3 எண் ஊசி முன்பெருக்கியின் எர்த்தைத் தன் கண்ணால் பார்க்கிறது. இரண்டு கருவிகளின் எர்த்துக்கும் இடையே உள்ள சிறு வேறுபாடு இரண்டு கருவிலும் சமமாக வந்து, தூசியைப் போல ஒதுக்கப்படுகிறது. பெல் முறுக்கிய அதே இரண்டு கம்பிகள்.

சில விலையுயர்ந்த திறன்பெருக்கிகள் நுழைவிலிருந்து முடிவு வரை தனித்தனியான இரு பாதிகளாகக் கட்டப்பட்டவை. வேறுபாட்டை எடுக்கும் கட்டமே அவற்றில் இராது. இவற்றுக்கு மேற்சொன்ன கம்பி போதாது. ஒரு பாதி வாய்மூடி நிற்க, மற்றப் பாதி மட்டும் பாடும். வோல்ட் பாதியாகி, திறன் நான்கில் ஒன்றாகும். இங்கே பழைய வானொலி நிலையத்தின் வழிதான்: ஒன்றுக்கு ஒன்று விகிதமுள்ள ஒலி டிரான்ஸ்பார்மர் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். ஆனால் டிரான்ஸ்பார்மருக்கும் உள்மின்தடை குறைந்த முன்பெருக்கியே பிடிக்கும். இல்லையேல் கீழொலி அங்கேயும் கரையும்.

ஹம் என்ற இரைச்சலைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கருவியின் மின்வழங்கி அதை இரட்டித்து 100 ஆக்கும். மேலே சொன்ன கீழ்ப்பஞ்சமம் 98. ஆக, ஹம் என்பது ஒரு கட்டைப் பாடகருக்குச் சற்றே ஏறிய பஞ்சமம். தம்புராவை ஒட்டியே நின்று அதைக் கெடுக்கும். அபசுரம் தொலைவில் நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். இது சுரத்தின் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது.

இந்த ஹம்மைப் போக்க எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. “சார், மூணு பின் பிளக்குல அந்தப் பெரிய பின்னைப் பிடுங்கிப் போட்டுருங்க, சத்தம் நின்னுரும்” என்று ஒரு மைக்செட்காரர் என்னிடமே சொன்னார். உண்மைதான், பல வேளைகளில் நிற்கும். இரண்டு கருவிகளும் மின்செருகியின் எர்த் வழியாகவும் ஒலிக்கம்பியின் உறை வழியாகவும் என இருமுறை இணைந்து, ஒரு வளையம் உண்டாவதுதான் ஹம்முக்குக் காரணம். ஒன்றை அறுத்தால் வளையம் போய்விடும். ஆனால் அறுக்க வேண்டியது அதை அன்று. உள்ளே ஒரு காப்பு கிழிந்து 230 வோல்ட் உலோகப் பெட்டியில் ஏறும் நாளில், அந்தப் பெரிய ஊசிதான் ஃபியூஸைப் போக்கி உயிரைக் காக்கும். அது இல்லாவிட்டால் மின்சாரம் திரும்பும் பாதையாக மனித உடலைத் தேர்ந்துகொள்ளும். ஓஷானசி ஆற்றைத் தேர்ந்தது போல. சமநிலை உள்ளீடும் டிரான்ஸ்பார்மரும் இருக்கும்போது அந்த ஊசியைத் தொட வேண்டிய தேவையே இல்லை. ஹம்மை எர்த்தை அறுக்காமல் போக்குவதற்காகவே அவை உண்டாக்கப்பட்டன.

இதைவிட ஆபத்தான ஒரு வகைப் பழங்கருவியும் உண்டு. இந்தியாவின் சில நகரங்களில் நேர்மின்னோட்டமும் வழங்கப்பட்ட காலத்தில், இரண்டிலும் இயங்கும்படி மின்டிரான்ஸ்பார்மரே இல்லாத வானொலிப் பெட்டிகள் விற்கப்பட்டன. அவற்றின் உலோகச் சட்டம் மின்கம்பியோடு நேரடியாக இணைந்திருக்கும். அத்தகைய பெட்டியிலிருந்து ஒலியை எடுத்து எதோடும் இணைக்கக் கூடாது. அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக 2, 3 ஊசிகளின் பழைய குழப்பம். 1992க்கு முந்திய திறன்பெருக்கி இரண்டாம் கையாக வந்தால் அதில் 3 எண் நேர்முனையாக இருக்கக்கூடும். இடம், வலம் இரண்டும் சேர்ந்தே மாறியிருந்தால் பெரும்பாலோர் காதுக்குத் தெரியாது. ஒன்று மட்டும் மாறினால் இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒன்றின் காற்றை ஒன்று தின்றுவிடும். மறுபடியும் தொப்பிதான் முதலில் போகும். சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. தனி ஆவர்த்தனம் உள்ள பழைய ஒற்றைத்தட ஒலித்தட்டு ஒன்றைப் போட்டு, இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்து, ஒன்றின் பின்புறமுள்ள சிவப்பு, கருப்புக் கம்பிகளை மாற்றிக் கேளுங்கள். எந்த நிலையில் கும்கி கனமாக உருள்கிறதோ அப்படியே விட்டுவிடலாம்.